இசைத்தட்டைப் புரட்டியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, எதிரணியில் தனியாக மாட்டிக்கொண்ட சகோதரியே, அவையோரே, வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். நமக்கான நேரத்தில் பாதியை வரவேற்புரை ஆற்றியவரே எடுத்துக்கொண்டுவிட்டார். மீதியையாவது நான் காப்பாற்றிக்கொள்கிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு பாட்டை வெற்றிபெறச் செய்பவர்கள் படைத்தவர்களா, கேட்டவர்களா? வழக்காட விழாக் குழுவினர் கொடுத்திருப்பது ஒரே ஒரு பாட்டு. குளோரியா கெய்னர் பாடிய டிஸ்கோ பாட்டு, 'ஐ வில் சர்வைவ்', அதாவது 'நான் பிழைத்துவிடுவேன்'. பாடியவர் இதோ பக்கத்தில் நெவார்க் நகரத்தில் பிறந்தவர். நியூ ஜெர்சித் தமிழர்கள் கூடி நடத்தும் பட்டிமன்றத்தில் ஊர்க்காரருக்கு இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி? நான் கேட்டவர்கள் கட்சி. கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்; சீட்டுக் குலுக்கியதில் வந்த கட்சி. மாறி வந்திருந்தால் அந்த மேசையில் நின்றும் இதே ஆவேசத்தோடு பேசியிருப்பேன்.

ஆனால் இப்போது எனக்கு உண்மையாகவே ஆவேசம் வந்துவிட்டது. காரணம் எதிரணித் தலைவர். எழுந்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஒரு போடு போட்டார். "பந்தியில் உட்கார்ந்து மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து கை கழுவிக்கொண்டே 'நாங்கள்தான் சமைத்தோம்' என்று சொல்வதைப் போல இருக்கிறது இந்த அம்மாவின் கட்சி" என்றார். அரங்கமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார், பார்த்தேன். அதை வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

அண்ணே, பந்தியைப் பற்றி என்னிடமா பேசுகிறீர்கள்? நான் நாகர்கோவில்காரி.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு ஆக்குப்புரையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த வயது. சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை பெரிய கை. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவே நாற்காலி போட்டு உட்கார்ந்து அறிவித்துவிட்டார்: "நாளைக்கு வேறு எதுவும் பேசாது. என் சக்கைப் பிரதமன்தான் பேசும்." பிரதமன் என்றால் எங்கள் ஊர்ப் பலாப்பழப் பாயசம். பழம் அவரே பார்த்து வாங்கியது. வெல்லத்தை மூன்று கடையில் முகர்ந்து பார்த்துவிட்டு நாலாவது கடையில் வாங்கினார். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழியவைத்துக் கையாட்களின் உயிரையும் சேர்த்துப் பிழிந்தார். உருளிக்குப் பக்கத்தில் பெண் வீட்டாரையே விடவில்லை. விடியற்காலை, எல்லாம் முடிந்த பிறகு, இலையின் ஓரத்தில் வைக்க ஏதாவது வேண்டுமே என்று இஞ்சியைத் தட்டிப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, ஓர் இஞ்சிப் பச்சடியைக் கிண்டி இறக்கிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

முதல் பந்தி. பிரதமன் வந்தது. குடித்தார்கள். "நன்றாக இருக்கிறது" என்றார்கள். மாமியார் வீட்டில் சொல்வதைப் போன்ற 'நன்றாக இருக்கிறது'. அப்போது மாப்பிள்ளையின் தாத்தா, அதுவரை இலையில் கவனிப்பாரற்றுக் கிடந்த இஞ்சிப் பச்சடியைச் சுட்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் பயந்துவிட்டோம். திறந்தார். "ஏய், இதை இங்கே கொண்டு வா" என்றார். பக்கத்து இலைக்காரர் அவரைப் பார்த்துத் தொட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். பந்தியின் கடைசி வரைக்கும் சுட்டுவிரல்கள் வரிசையாக இறங்கின. இரண்டாம் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே "அந்த இஞ்சி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் பந்தியில் தீர்ந்துவிட்டது. வடசேரிச் சந்தைக்கு சைக்கிளில் ஆள் பறந்தது. தவசிப்பிள்ளை கரண்டியோடு வெளியே வந்து கேட்டார்: "என்ன கேட்கிறார்கள்? பிரதமனா?" "இல்லை அண்ணாச்சி, இஞ்சி." "பிரதமன் வேண்டாமா?" "அதுவும் இருக்கட்டும் என்கிறார்கள்."

அந்த 'இருக்கட்டும்' என்ற சொல்லைக் கேட்ட அவருடைய முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. அடுத்த முகூர்த்தத்திலிருந்து சாகும்வரை ஊரில் அவருக்குப் பெயர் இஞ்சிப் பச்சடிக்காரர்!

எதிரணித் தலைவரே, சமைத்தவர் அவர்தான். நான் மறுக்கவில்லை. கரண்டியும் அவருடையது, புகையும் அவர் தின்றது. ஆனால் எது வென்றது என்று முடிவு செய்தது யாருடைய நாக்கு? அவர் பொறுப்பில் விட்டிருந்தால் இன்றைக்கும் நாங்கள் பிரதமனைக் குடித்துக்கொண்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் எதற்கு என்று நடுவர் முறைக்கிறார். வந்துவிட்டேன் ஐயா, நியூயார்க் வந்துவிட்டேன்.

1978. பாலிடார் என்ற இசைத்தட்டு நிறுவனம். குளோரியா கெய்னர் அப்போது பழைய ராணி. அவரை டிஸ்கோ ராணி என்று முடிசூட்டியது 1975-ல். மூன்றே ஆண்டில் டோனா சம்மர் வந்து அரியணையில் உட்கார்ந்தாயிற்று. நிறுவனம் யோசித்தது. 'சப்ஸ்டிட்யூட்' என்று ஒரு பாட்டு. ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிவிட்டார்கள். க்ளவுட் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்கள் குழுவும் பாடி ஐரோப்பாவில் சக்கைப் போடு போட்டுவிட்டது. ஏற்கெனவே ஜெயித்த குதிரை. அதையே கெய்னரும் பாடட்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அதுதான் தட்டின் ஏ பக்கம்.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பாட்டு என்றால் ஒரு கறுப்புத் தட்டு. இரண்டு பக்கம். ஏ பக்கத்தில் இருப்பதுதான் விற்பனைக்கு. வானொலிக்குப் போவது அது, விளம்பரம் அதற்கு. பி பக்கம், தட்டின் முதுகை வெறுமையாக விடக்கூடாது என்பதற்காகப் போடுவது. இலையின் ஓரத்துக்கு என்ன வேண்டும் என்று தவசிப்பிள்ளை யோசித்தாரே, அது.

அந்தப் பி பக்கத்தில்தான் தயாரிப்பாளர் ஃப்ரெடி பெரனும் பாடலாசிரியர் டினோ ஃபெகாரிஸும் 'ஐ வில் சர்வைவ்' பாட்டை வைத்தார்கள். ஒரு பெண். காதலன் விட்டுவிட்டுப் போய்விட்டான். முதலில் ஒடுங்கிப் போகிறாள். பிறகு நிமிர்கிறாள். அவன் ஒரு நாள் ஒன்றுமே நடக்காததைப் போல வீட்டுக்குள் வந்து நிற்கிறான். "வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது, போய்க்கொண்டே இரு" என்கிறாள். அவ்வளவுதான் கதை. பாடலைப் படித்தவுடனேயே இதைப் பி பக்கத்தில் வைப்பதா என்று கெய்னர் கொதித்திருக்கிறார். நிறுவனத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பிரதமன்தான் பேச வேண்டும்!

இப்போது கதையின் உயிரான இடம். மெதுவாகச் சொல்கிறேன், நடுவர் மணியின் மேல் இருக்கும் கையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும்.

மன்ஹாட்டனில் 54-ஆவது தெருவில் ஸ்டூடியோ 54 என்று ஒரு நடன அரங்கம். 1977-ல் திறந்தது. வாசலில் நிற்பவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பணக்காரர் என்பதற்காக விட மாட்டார். ஆள் சுவாரசியமாக இருக்க வேண்டும். நம் எதிரணித் தலைவர் போயிருந்தால் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பார். அங்கே இசைத்தட்டு சுழற்றுபவர் ரிச்சி கேக்ஸர். நிறுவனம் கைவிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கெய்னரும் அவருடைய மேலாளர் லின்வுட் சைமனும் அவரிடம் போகிறார்கள். அந்தச் சைமனையே கெய்னர் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். பெட்டி தூக்கியவருக்கு அந்தப் பரிசாவது கிடைத்ததே!

கேக்ஸர் தட்டை வாங்குகிறார். ஏ பக்கத்தைப் பார்க்கிறார். புரட்டுகிறார். முள்ளை வைக்கிறார். முதலில் தாளம் கிடையாது. பியானோவில் ஓர் ஓட்டம் வருகிறது. ஒரு பெண் குரல், தனியாக, பயந்துபோனதைச் சொல்கிறது. பிறகு தாளம் விழுகிறது. கெய்னர் பல பேட்டிகளில் சொல்வது என்னவென்றால், எதற்கும் அசையாத நியூயார்க் கூட்டம் அந்த நொடியே பாட்டின் மேல் விழுந்துவிட்டது. கூட்டம் விழுந்ததைப் பார்த்து, நிறுவனத்திடமிருந்து பெட்டி பெட்டியாகத் தட்டுகளை வாங்கிக் கேக்ஸரிடம் கொடுத்தார்கள். அவர் மற்ற அரங்கங்களில் இருந்த தன் நண்பர்களுக்குக் கொடுத்தார். ஆடியவர்கள் அடுத்த நாள் வானொலி நிலையத்தைக் கூப்பிட்டார்கள். "நேற்று இரவு கேட்டோமே, அந்தப் பாட்டு." நிலையத்தில் இருந்தவர் 'சப்ஸ்டிட்யூட்' போடுகிறார். "இது இல்லை ஐயா, இதன் முதுகுப் பக்கம்!"

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இதே கதையை வேறு மாதிரி சொன்னார். அவர் சொன்னதும் புத்தகங்களில் இருக்கிறது, மறுக்க மாட்டேன். முதல் முறை கேக்ஸர் போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். தளம் காலி. அவர் விடவில்லை. மறுநாளும் போட்டார். அதற்கு அடுத்த நாளும். கடைசியில் அந்தப் பாட்டுக்காகவே ஆட்கள் வந்தார்கள். "பார்த்தீர்களா, கேட்டவர்கள் எழுந்து ஓடிய பாட்டு!" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சரி, அவருடைய கதையையே வைத்துக்கொள்வோம். மறுபடியும் சொல்கிறேன். இரவு. அரங்கம். கேக்ஸர் முள்ளை வைக்கிறார். பியானோ. பெண் குரல். தளம் காலியாகிறது. இப்போது அந்த அறையில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒரே ஒருவர். யார்? கேக்ஸர். அவர் பாட்டை எழுதினாரா? இல்லை. மெட்டமைத்தாரா? இல்லை. பாடினாரா, தயாரித்தாரா, தட்டு அச்சடித்தாரா? இல்லை, இல்லை, இல்லை. பின்னே அவர் யார்? கேட்டவர்! கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்! ஊரே எழுந்து போனாலும் "நான் கேட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நின்ற ஒரு ரசிகன்! அண்ணே, நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்து நிறுத்திய சாட்சி எங்கள் கட்சி உறுப்பினர்.

நன்றி, நன்றி. கைதட்டலையும் நேரத்தில் கழித்துவிடாதீர்கள் ஐயா.

நிறுவனம் என்ன செய்தது? கடைசியில் தட்டைப் புரட்டியது. 'ஐ வில் சர்வைவ்' ஏ பக்கத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் பில்போர்டு பத்திரிகையின் நூறு பாட்டுப் பட்டியல் கடையில் விற்ற கணக்கையும் வானொலியில் ஒலித்த கணக்கையும் சேர்த்துப் போடுவது. 1979 மார்ச் 10 தேதியிட்ட பட்டியலில் இந்தப் பாட்டு முதலிடம். அடுத்த வாரமும் அதுவே. பிறகு பீ ஜீஸ் வந்து 'டிராஜடி' என்ற பாட்டால் இரண்டு வாரம் இதைக் கீழே தள்ளினார்கள். தள்ளிவிட்டால் போய்விடுமா? ஏப்ரல் 7 அன்று திரும்பி வந்து மறுபடி முதலிடத்தில் உட்கார்ந்தது. அந்த இரண்டாவது ஏற்றத்துக்கு எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார்? இங்கிலாந்திலோ தொடர்ந்து நான்கு வாரம் முதலிடம். 1980-ல் சிறந்த டிஸ்கோ பாட்டுக்கு என்று ஒரு கிராமி விருது வைத்தார்கள். இந்தப் பாட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்த விருதை வாங்கிய பாட்டு உலகத்திலேயே இது ஒன்றுதான்.

எதிரணிச் சகோதரி கீபோர்டில் வாசித்துக் காட்டினார். எட்டு நாண்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகள், வட்டமாகச் சுற்றுகின்றன, பல்லவிக்கும் சரணத்துக்கும் அதே வட்டம்தான், அந்த அமைப்புதான் வெற்றியின் இரகசியம் என்றார். நன்றாக வாசித்தார். அதே வட்டம் இன்னும் எத்தனையோ பாட்டுகளில் இருக்கிறது, அவற்றை ஏன் யாரும் புரட்டிப் போடவில்லை என்பதை மட்டும் வாசித்துக் காட்ட மறந்துவிட்டார். டிஸ்கோ பாட்டுகள் நீளமாக இருப்பதற்கே காரணம் ஆடியவர்கள்தான். டாம் மோல்டன் என்பவர் நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் தீவில், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் தளத்திலிருந்து கலைவதைப் பார்த்தார். அதனால்தான் பாட்டுகளை நீட்டியும் ஒட்டியும் நாடா தயாரித்தார். கெய்னரின் முதல் ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் மூன்று பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஓடுவது அவர் கைவேலை.

எதிரணித் தலைவர் இன்னொன்றும் சொன்னார், அது கொஞ்சம் வலித்தது. "உங்கள் கேட்டவர்கள் கொளுத்தவும் செய்தார்களே!" 1979 ஜூலை 12, சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் கூப்பிட்டார். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம். ஐம்பதாயிரம் பேர் அளவில் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. உண்மைதான்.

ஆனால் அன்றைக்கு அதே மைதானத்தில் வந்தவர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தார் ஒரு கறுப்பின இளைஞர், வின்ஸ் லாரன்ஸ். பின்னாளில் அவர் சொன்னார்: வந்து குவிந்தவற்றில் பல டிஸ்கோ தட்டுகளே அல்ல, கறுப்பினக் கலைஞர்கள் பாடிய வேறு தட்டுகள். ஆக, அங்கே வந்தவர்களில் பலர் கேட்டுவிட்டு வெறுத்தவர்கள் அல்லர், கேட்காமலேயே கொண்டுவந்தவர்கள். கேட்காதவர்களைக் கேட்டவர்கள் கணக்கில் எழுதலாமா, நடுவர் அவர்களே? அந்த லாரன்ஸ்தான் சில ஆண்டுகளில் அதே சிகாகோவில் ஹவுஸ் என்ற நடன இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். டிஸ்கோவுக்கு வெடிவைத்த ஊரிலேயே டிஸ்கோவின் பிள்ளை பிறந்தது.

மணி அடித்துவிட்டீர்கள். முதல் மணிதானே? இரண்டாவது மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

இத்தனை நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இனி சிரிக்க வேண்டாம்.

இந்தப் பாட்டை எழுதிய ஃபெகாரிஸ் யார் தெரியுமா? மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் அளவில் பாட்டெழுதிக்கொண்டிருந்து வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். வேலை போன மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். தொலைக்காட்சியைப் போடுகிறார். அதில் ஓடுகிறது எப்போதோ தானே ஒரு திரைப்படத்துக்காக எழுதிய பாட்டு. பிழைத்துவிடுவேன் என்று கட்டிலில் ஏறிக் குதித்தாராம். அந்த உறுதியிலிருந்து பிறந்ததுதான் இது. அவர் எழுதியது காதலன் விட்டுப்போன பெண்ணைப் பற்றி. மனத்தில் இருந்தது வேலை போன ஆண்.

அந்தத் தாளை வாங்கிப் படித்த கெய்னரின் நிலை என்ன? அதே 1978-ல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டர் மேடையில் ஆடும்போது ஒலிபெருக்கியில் தடுக்கி மல்லாந்து விழுந்தார். எழுந்தார். நிகழ்ச்சியை முடித்துக்கொடுத்தார். மறுநாள் காலை கண் விழித்தால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது முதுகைத் தாங்கும் கவசத்தை உடலில் கட்டிக்கொண்டுதான் நின்றார். அந்த வரிகளைப் படித்தபோது எந்தக் காதலனும் தன் நினைவில் இல்லை என்கிறார். முதுகு நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அம்மா நினைவுக்கு வந்தார். எழுதியவர் ஒன்றை எழுதினார். பாடியவர் வேறொன்றைக் கேட்டார். அண்ணே, கெய்னரும் முதலில் கேட்டவர்தான்.

பிறகு எண்பதுகள் வந்தன. இதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில், எய்ட்ஸ் வந்தது. ஆண்களையே நேசித்த எந்த ஆண்கள் டிஸ்கோ தளங்களை நிரப்பினார்களோ, எந்த ஆண்களின் கால்கள் இந்தப் பாட்டைப் பி பக்கத்திலிருந்து மேலே தூக்கினவோ, அந்த ஆண்களில் எத்தனையோ பேர் முப்பது வயதில், நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார்கள். பெற்ற வீட்டுக் கதவே பலருக்குத் திறக்கவில்லை. அவர்கள் இந்தப் பாட்டைப் பாடினார்கள். நண்பனைப் புதைத்துவிட்டு வந்து பாடினார்கள். வீட்டுக்குள் வந்து நிற்கும் காதலனை அவர்கள் நோயாகக் கேட்டார்கள், சாவாகக் கேட்டார்கள். "போய்க்கொண்டே இரு" என்று அதனிடம் சொன்னார்கள். அப்படி ஒரு பொருளை இந்தப் பாட்டில் யார் எழுதி வைத்தது? பாலிடார் நிறுவனமா?

எதிரணித் தலைவர் கடைசிவரை எங்களைக் கை கழுவிக்கொண்டு எழுந்தவர்கள் என்றே சொன்னார். கை கழுவிய ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

2020 மார்ச். உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. கையை இருபது நொடி கழுவுங்கள் என்றார்கள். எழுபது வயதைத் தாண்டிவிட்ட கெய்னர், குழாயடியில் நின்று இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு இருபது நொடி கை கழுவி, அதைப் படம் எடுத்து டிக்டாக்கில் வெளியிட்டார். எனக்கு ஓர் அக்கா. பெரியம்மா மகள். இந்த மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அந்த மாதங்களில் வீட்டின் நிலவறையில் தனியாகப் படுத்துக்கொள்வார். சாப்பாட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வருவோம். பிள்ளைகள் மேலே நின்று "அம்மா" என்று கூப்பிட்டால், கீழேயிருந்து பதில் மட்டும் வரும். முகக்கவசம் அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் புண்.

அவருடைய மகன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் அனுப்பிவைத்தான். அக்காவுக்கு டிஸ்கோ தெரியாது, பில்போர்டு தெரியாது. ஆனால் பணியில் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். சுருதி கிடையாது, வரிகளும் பாதிதான். ஒரு நாள் அறைக்குள் இருந்த குழாயில் கழுவிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் படுத்திருந்த மூதாட்டி, நெவார்க்காரர், பிராணவாயுக் குழாயோடு இருந்தவர், அக்கா விட்ட வரியை எடுத்துப் பாடினார். மூச்சு ஒரே ஒரு வரிக்குத்தான் போதியது. அக்கா தண்ணீரை நிறுத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். மறுநாள் அந்த அறைக்குப் போனதும் மூதாட்டி கேட்ட முதல் கேள்வி: "இன்னும் கை கழுவவில்லையா?" அடுத்த நாளும் ஒரு வரி. அதற்கு அடுத்த நாள் இரண்டு வரி. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். எல்லோரும் போகவில்லை ஐயா. அக்கா கவனித்துக்கொண்ட எல்லோரும் போகவில்லை.

இதில் தருக்கம் எங்கே என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். நாண் வட்டத்தை வைத்து அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாவது மணி. சரி. நடுவர் அவர்களே, அந்த அக்கா இன்றைக்கு இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, பச்சைப் புடவை. தலையைக் குனிந்துகொண்டுவிட்டார், இதைச் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பாட்டை எழுதியவர்கள்தான் வெற்றிக்குக் காரணம், கேட்டவர்களுக்கு அதில் பங்கில்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நன்றி. வணக்கம்.